அமுச்சி என்பவர் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்

பெசன்ட் நகரில் எனக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கமுங்க.

போன வருஷம் தை மாதம் ஈரோட்டில் ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடும்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "மூணு மாசம். அதுக்கு மேல நீ அங்க தாங்க மாட்டே." மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்து லீவு முடிந்திருந்தது. மூத்த பேரனுக்கு நாலு வயது. ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான்தானே சும்மா இருக்கிறேன் என்று கிளம்பினேன். தோட்டத்தையும் மாட்டையும் அவர் பார்த்துக்கொண்டார். மூணு மாதம் பதினாலு மாதமாகிவிட்டது.

திரும்பி வந்ததிலிருந்து கவுந்தப்பாடியில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான். மெட்ராஸில் எல்லாம் சுத்திப் பார்த்தீங்களா? தி.நகருக்கு இரண்டு தடவை போனேன், அதுவும் பேரனுக்குச் சட்டை எடுக்க. மற்ற நாளெல்லாம் பெசன்ட் நகர்தான். வடக்கே போனால் அடையாறு ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம், அங்கே உடைந்த பாலம் ஒன்று பாதியில் நிற்கும். கிழக்கே கடல். தெற்கே திருவான்மியூர். இந்த எல்லைக்குள்ளேயே காய்கறி, மீன், கோயில், சர்ச், டாக்டர், பள்ளிக்கூடம், தையல்காரர் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தார்கள். நாலு பக்கமும் வேலி போட்ட தோட்டம் மாதிரி ஓர் ஊர். அறுபடை வீடு முருகன் கோயிலில் பழனிக்கும் ஒரு சன்னதி உண்டு. எங்கள் ஊர் நாட்டுச் சர்க்கரை பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிறது என்பதால், அந்தச் சன்னதியில் மட்டும் கொஞ்சம் உரிமையோடு நின்று கும்பிடுவேன்.

முதல் நன்றி ஊரூர் குப்பத்து மீன்காரம்மாவுக்கு. பேர் போட வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் மீன் என்றால் அணையில் பிடித்த கெண்டையும் கட்லாவும் ஜிலேபியும்தான். கடல் மீன் முன்னால் போய் நின்றபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாம்மா, பாத்துனே நிக்கிற? கொழம்புக்கா, வறுக்கவா?" என்றார். "ஏனுங்க, இது என்ன மீனுங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான், பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு அங்கே பேர் "ஏனுங்கம்மா".

செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வாங்காதே. கண் குழி விழுந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் சதை திரும்ப எழ வேண்டும். தன் தட்டில் இருந்த சங்கராவையே எடுத்துக் காட்டி, "இது நேத்து வந்தது, உனுக்கு வேணாம்" என்று தள்ளி வைத்தார். முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் சொல்கிறேன், இப்படி நல்லதையும் கெட்டதையும் பக்கத்தில் வைத்துக் காட்டிச் சொல்லித்தருகிற வாத்தியார் ரொம்பக் குறைவு. பதிலுக்கு நான் எங்கள் காட்டில் விளைந்த மஞ்சளின் தூள் ஒரு டப்பா கொடுத்தேன். மீன் கழுவ அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் ஒரு கை நெத்திலி அதிகமாக அள்ளிப் போட்டார். அந்தப் பண்டமாற்று கடைசிவரை நடந்தது.

குப்பத்துக்கென்று தனியாக ஊர்ப் பஞ்சாயத்து இருப்பதையும், வாடைக்காற்றையும் கச்சான் காற்றையும் வைத்தே கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்வதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். டிசம்பர் 26 அன்று மட்டும் அவர் கடை போடவில்லை. 2004-இல் சுனாமி வந்த நாள். கடலில் பால் ஊற்றிவிட்டு மணலில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

இனி அந்த ஆகஸ்ட் 29. நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம். காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள் சாலை முழுக்க. பேரனுக்குப் பலூன் வாங்கச் சில்லறை தேடிய நேரத்தில் கை விட்டுப்போனது. திரும்பிப் பார்த்தால் பையன் இல்லை. போனை வீட்டிலேயே சார்ஜில் போட்டுவிட்டு வந்திருந்தேன். அப்போது ஒரு வளையல் கடைக்காரம்மா என்னைப் பிடித்துத் தன் ஸ்டூலில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கடையை அப்படியே போட்டுவிட்டுத் தேடப் போனார். ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் நாலு பேர் ஆளுக்கொரு தெருவாகப் பிரிந்தார்கள். நடுவில் மைக்கில் என்னவோ திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என் காதில் ஏறவே இல்லை. மூன்றாவது தடவைதான் புரிந்தது: "அமுச்சி என்பவர் எங்கிருந்தாலும் விழா மேடைக்கு வரவும்."

அம்மாவைப் பெற்ற பாட்டியை எங்கள் கொங்குப் பக்கம் அமுச்சி என்போம். பையனிடம் யாரோடு வந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். "அமுச்சி" என்றானாம். பேர் என்று நினைத்து அப்படியே அறிவித்துவிட்டார்கள். நான் ஓடிப் போய்ச் சேரும்போது மீன்காரம்மா எனக்கு முன்னால் அங்கே நின்றிருந்தார், பேரன் அவர் இடுப்பில். "பேரு இல்ல சார் அது. அவங்க ஊர்ல ஆயாவ அப்டி கூப்புடுவாங்க" என்று போலீஸ்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். மைக்கில் அந்த வார்த்தையைக் கேட்டதும், இந்த ஊரில் அதைச் சொல்கிற பிள்ளை ஒருத்தன்தான் என்று தெரிந்து வந்துவிட்டாராம். நான் அழுததைப் பார்த்துப் பேரனும் அழ, அவர் மட்டும் சிரித்தார். வளையல் கடைக்காரம்மாவைப் பிறகு போய்த் தேடினேன், கடை எடுத்துவிட்டார்கள். இதை அவர் படிப்பாரோ என்னவோ. உங்களுக்குச் சொல்ல நினைத்த நன்றி இன்னும் அப்படியே இருக்கிறதுங்க.

மகளிடம் இதை ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னேன். அதற்குள் தெருவே அவளுக்குச் சொல்லியிருந்தது.

மற்றவர்களையும் விட்டுவிடக் கூடாது. கடல் காற்றில் உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டுப்போகும், நாட்டுச் சர்க்கரை கசிந்து பிசுபிசுக்கும். உப்புக்குள் கொஞ்சம் அரிசி போட்டு வையுங்கள் என்று சொன்ன மூன்றாம் மாடி மாமிக்கு நன்றி. இஸ்திரி வண்டி அண்ணன் பேரனின் பள்ளி வேன் வந்தால் அங்கிருந்தே குரல் கொடுப்பார். 29சி பஸ் பெசன்ட் நகரிலிருந்துதான் கிளம்பும் என்பதால் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், இருந்தும் "மெதுவா ஏறும்மா" என்று காத்திருந்த கண்டக்டர்களுக்கும் நன்றி. பொள்ளாச்சி இளநீர் விற்ற தம்பிக்கு நன்றி சொல்லலாமா என்று யோசித்தேன். தென்னந்தோப்பில் எங்களுக்கு என்ன விலை கிடைக்கிறது, நீ என்ன விலை சொல்கிறாய் என்று தினம் சண்டை. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம் இளநீரை வீட்டுக்கே கொண்டுவந்து, காசு அப்புறம் பார்க்கலாம் என்று போனவரும் அவர்தான். சரி, நன்றி. விலை விஷயம் தனி.

ஒருநாள் முழங்கால் தண்ணீர்வரை இறங்கிவிட்டேன். படகு ஓரம் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் போட்டு மேலே வரச் சொன்னார். "இது குளிக்கிற கடல் இல்லம்மா" என்று கையைக் காட்டினார். அந்தப் பக்கம் வெள்ளை வளைவாக நிற்கிறதே, அது 1930-இல் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட கார்ல் ஷ்மிட் என்ற டென்மார்க் மாலுமியின் நினைவுச் சின்னம். பவானி வாய்க்காலில் நீச்சல் பழகிய தைரியம் அன்றோடு போயிற்று.

போன வருஷம் பங்குனியில் ஒரு சாயங்காலம், பங்குனி ஆமை என்கிற கடல் ஆமையின் குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். ராத்திரி முழுக்க மணலில் நடந்து முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கிற மாணவர்கள் அவர்கள். வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல் என்று குஞ்சுகள் நம்பிப் போகுமாம், தெருவிளக்கு எரிந்தால் சாலைக்கு வந்துவிடுமாம். போனில் லைட் போடாதீங்க என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார்கள். உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு குஞ்சு அலை வந்து புரட்டிப் போட, நிமிர்ந்து, மறுபடி நடந்தது. "அதோட அமுச்சி எங்கே?" என்று பேரன் கேட்டான். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி குனிந்து, "கடலுக்குள்ள இருப்பாங்க, தேடிட்டுதான் போகுது" என்றாள். அவளுக்கும் நன்றி, அன்று ராத்திரி அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

மீன்காரம்மாவுக்கு ஒரு செய்தி. கொடுத்த மஞ்சள் இந்நேரம் தீர்ந்திருக்கும். இந்த வருஷத்து மஞ்சள் வேக வைத்துக் காயப்போட்டு எடுத்தாயிற்று. பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் மகள் இங்கே வருகிறாள், திரும்பும்போது இரண்டு கிலோ அரைத்துக் கொடுத்தனுப்புகிறேன். பதிலுக்கு ஐஸ் பெட்டியில் வஞ்சிரம் எல்லாம் அனுப்ப வேண்டாம், ஈரோடு வருவதற்குள் வீணாகிவிடும். நெத்திலிக் கருவாடு போதும்.

இப்படிக்கு,
கவுந்தப்பாடியிலிருந்து,
ஏனுங்கம்மா