கோடைக் கதை முகாமுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கு,

நம் கிளை நூலக வாசகர் வட்டத்தின் வணக்கம். கோடை விடுமுறைக் கதை முகாம் நல்லபடியாக முடிந்தது. எந்தப் பிள்ளையிடமும் கட்டணம் வாங்கவில்லை. "இருநூறு ரூபாயாவது வையுங்கள், சும்மா கொடுத்தால் மதிக்க மாட்டார்கள்" என்று சிலர் சொன்னார்கள். பிள்ளைகளோ நூலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றார்கள்.

ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகவும் ஐயாயிரம் கட்டிப் பெரும் புரவலராகவும் சேர்ந்தவர்களுக்கு முதல் நன்றி. அது நூலகத்துக்கான பணம். அவர்கள் பெயர் வழக்கம்போலப் பலகையில் ஏறும். முகாம் செலவுக்குத் தனியாகக் கொடுத்தவர்களின் பெயரை மட்டும் வேண்டுமென்றேதான் எழுதவில்லை. கொடுத்தவர் பட்டியலை ஒட்டினால் கொடுக்காதவர் யார் என்பதும் தெரிந்துவிடும். தலைக்கட்டு வரி பாக்கி வைத்த வீட்டைத் திருவிழாவில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

ஏழைப் பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு நோட்டுப் புத்தகம் வழங்க ஒரு ஐயா விரும்பினார். தயங்கித் தயங்கித்தான் வேண்டாம் என்றோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்துடுங்க, போட்டோவும் வேண்டாம்" என்றார். பணம் கொடுப்பதைவிட இது கஷ்டம். அவருக்குத் தனி நன்றி.

வாசல் படிமேல் பலகை அடித்துச் சக்கர நாற்காலிக்கு வழி செய்த தச்சர் அண்ணன், தினமும் சுண்டல் அனுப்பிய டீக்கடை அக்கா, இந்தியில் கதை சொன்ன செங்கல் சூளை அம்மா, அதை வரிக்கு வரி தமிழில் சொன்ன அவர் மகள், எல்லாருக்கும் நன்றி.

கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பார்க்காததில் நாங்கள் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின்படிதான் சொத்து வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள், இப்போது ரூபாய்க்கு 10 காசு. ஆனால் பேப்பர் படிக்க உள்ளே வருகிறவரிடம் வரி ரசீதை யாரும் கேட்பதில்லை.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போகத்தான் காப்புத்தொகை கட்ட வேண்டும். மீதிப் பணத்தில், முகாமுக்கு வந்த எல்லாப் பிள்ளைகளையும் உறுப்பினராக்கலாமா என்று ஒரு யோசனை இருக்கிறது. வரவு செலவுக் கணக்கை நூலக வாசலில் ஒட்டியிருக்கிறோம். ஞாயிறு காலை வட்டக் கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம், வாருங்கள். பணம் கொடுக்காதவர்களும் கணக்குக் கேட்கலாம்.

இப்படிக்கு,
வாசகர் வட்டத்தினர்