நீர்வண்ண ஓவியத்துக்கு நெல்லையில் ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு திருமண மண்டபத்தில் சென்ற வாரம் இரண்டு நாள் நடைபெற்ற நீர்வண்ண ஓவியக் கண்காட்சியைப் பற்றித் தங்கள் நாளிதழ் படத்துடன் செய்தி வெளியிட்டிருந்தது. உள்ளூர் ஓவியர்களுக்கு அவ்வளவு இடம் ஒதுக்கியமைக்கு முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். ஆனால் பொருநை எனப்படும் தாமிரபரணி ஆறும் பொதிகை மலையும் கண்முன்னே இருக்கையில் நெல்லைச் சீமை ஓவியர்களுக்கு உந்துதலுக்கு என்ன குறை என்ற பொருள்பட அச்செய்தி முடிந்திருந்தது. பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த ஒரு கருத்தோடு மட்டும் உடன்பாடில்லை.

கண்காட்சியை இரண்டு நாளும் சென்று பார்த்தேன். வைக்கப்பட்டிருந்த 36 படங்களில் 9 படங்கள் குற்றால அருவி, 5 நெல்லையப்பர் கோயில் கோபுரம், 4 சுலோசன முதலியார் பாலம். கைத்திறனில் பெரிதாகக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் அந்த ஒன்பது அருவிகளும் ஏறத்தாழ ஒரே இடத்திலிருந்து, சுற்றுலா வருகிறவர்கள் கைப்பேசியில் எடுக்கும் அதே கோணத்தில் எழுதப்பட்டிருந்தன. அருவியே ஓவியரை உந்திவிடும் என்றால், ஒன்பது பேர் ஒன்பது விதமான அருவிகளை அல்லவா எழுதியிருக்க வேண்டும்?

என் அனுபவத்தையே சொல்கிறேன். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்தவன் நான். பன்னிரண்டு வயதிலிருந்து இருபத்துநான்கு வயது வரை, கடையில் கிடைத்த கேக் வண்ணங்களையும் சார்ட் தாளையும் வைத்துக்கொண்டு, அந்த ஆற்றை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அத்தனை படங்களிலும் ஆறு நீலமாகவே இருந்தது. தாமிரபரணித் தண்ணீர் நீலமாக ஓடி நான் ஒருநாளும் கண்டதில்லை. இருந்தும் நீலத்தையே பூசினேன், ஏனென்றால் வீட்டுச் சுவரில் தொங்கிய காலண்டரில் கங்கை நீலமாக இருந்தது. (காலண்டர் ஓவியங்களைக் குறைத்துச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிய கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கி, சீடர்களைச் சேர்த்துக்கொண்டு, சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடு தோறும் ஓவியத்தைக் கொண்டு சேர்த்தார். நான் முதன்முதலில் பார்த்த படங்கள் அவர்கள் வழியில் வந்தவைதாம்.)

இருபத்துநான்காவது வயதில், ஒரு நேர்முகத் தேர்வுக்காகச் சென்னை சென்றிருந்தபோது, ஒரு கண்காட்சியில் அசல் நீர்வண்ண ஓவியங்களை முதன்முறையாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காயலில் நிற்கும் ஓடம் ஒன்று. படத்தின் பாதிக்கு மேல் தண்ணீர். அந்தத் தண்ணீரில் வண்ணமே இல்லை. ஓடத்தின் நிழலையும் எதிர்க்கரையின் ஒரு கீற்றையும் மட்டும் வைத்துவிட்டு, மிச்சத் தாளை அந்த ஓவியர் அப்படியே விட்டிருந்தார். ஈரம் காயும் முன் இரண்டாவது பூச்சு தொட்ட இடத்தில், காலிபிளவரைப் போல ஒரு கறை ஓரம் விரித்திருந்தது. நானாக இருந்தால் அதைத் தவறென்று கருதித் தாளையே கிழித்துப் போட்டிருப்பேன். அவர் அதை மேகமாக்கியிருந்தார். அன்றிரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறி, மறுநாள் ஊருக்கு வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் ஆற்றங்கரைக்குப் போனேன். பனைநிழல் ஊதாவாகவும், கரையோரத் தண்ணீர் தேயிலைச் சாயமாகவும், நடு ஆறு வெறும் வெளிச்சமாகவும் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த அதே ஆறுதான். பார்க்கும் வழியை வேறொருவருடைய ஓவியம் காட்டிக்கொடுத்தது.

இப்போதுதான் எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே என்று என் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். எண்ணெய் வண்ணத்துக்கு ஓரளவு சரியாக இருக்கலாம், நீர்வண்ணத்துக்குப் பொருந்தாது. இதில் வெள்ளை வண்ணம் பூசுவது பெரும்பாலும் வழக்கமில்லை. பிசானப் பருவத்து நெல்வயலில் நிற்கும் கொக்கை எழுத வேண்டுமானால், சுற்றியுள்ள பச்சையைத்தான் பூசுகிறோம். கொக்கு என்பது பூசாமல் எஞ்சிய தாள். ஒளி மெல்லிய வண்ணப் படலத்தினூடே புகுந்து, தாளில் பட்டுத் திரும்பி வந்து நம் கண்ணைச் சேர்வதால்தான் அந்தப் பச்சைக்கு ஒரு துலக்கம் உண்டாகிறது. கைப்பேசியிலோ ஒளி திரையிலிருந்தே வருகிறது. தாளின் வெள்ளையும் திரையின் வெள்ளையும் ஒன்றாகிவிடுகின்றன. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளின் சொரசொரப்பில் உலர்ந்த தூரிகை எங்கெங்கே தாவிச் சென்றது, அல்ட்ராமரைன் நீலத்தின் துகள்கள் தாளின் பள்ளங்களில் எப்படித் தங்கின, அடியில் பென்சில் கோடு எவ்வளவு குறைவாக இருந்தது என்பதையெல்லாம் அசலின் முன் ஓரடி தூரத்தில் நின்றால்தான் காண முடியும்.

உள்ளூர்க் கண்காட்சி வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றில் உட்கார்ந்து வானத்தைப் பூசினால், தூரிகை தாளின் மறுமுனையைத் தொடும் முன்பே முதல் முனை காய்ந்து கோடு விழுந்துவிடும். அதே மாதத்தில் குற்றாலச் சாரலில் உட்கார்ந்தால் அரை மணி நேரமானாலும் ஈரம் போகாது. குளிர்நாட்டு ஓவியர்கள் காணொளியில் சொல்லித்தரும் நேரக்கணக்கு இங்கே ஒத்துவராது. இந்தக் காற்றோடும் இந்தச் சாரலோடும் மல்லுக்கட்டியவர் எழுதிய படத்தைப் பார்க்கிற இளைஞருக்குத்தான் நம் ஊரில் எப்படி எழுதுவது என்பது விளங்கும்.

நம் சீமைக்கு இது புதிய கலையும் அன்று. ஐந்து சபைகளில் ஒன்றான குற்றாலம் சித்திரசபையில் கூத்தப்பிரான் சுவரோவியமாகவே வழிபடப்படுகிறார். திருப்புடைமருதூர்க் கோயிலின் கோபுரத்துக்குள் படியேறிச் சென்றால், ஐந்து நிலைகளிலும் சுவரை நிறைத்திருக்கும் ஓவியங்களில் புராணக் காட்சிகளோடு, குதிரைகளை ஏற்றிவரும் கப்பலையும் காணலாம். 1792ஆம் ஆண்டு தெற்கே பயணம் வந்த ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பாபநாசம் அருவியைப் பார்த்து வரைந்து சென்றனர். நீர்வண்ணப் பூச்சின் சாயல் வரும்படி செப்புத் தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடும் அக்வாடின்ட் முறையில் அப்படம் இலண்டனில் வெளிவந்தது. அதே இலண்டனில், எண்ணெய் ஓவியங்களுக்கு நடுவே மாட்டினால் தங்கள் படங்கள் எடுபடுவதில்லை என்று மனம் நொந்த நீர்வண்ண ஓவியர்கள் 1804இல் தனிச் சங்கம் தொடங்கி, அடுத்த ஆண்டே தனிக் கண்காட்சி நடத்தினர். அவர்களுடைய அந்த மனக்குறை எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஏனெனில் நீர்வண்ண ஓவியத்தை எங்கு வேண்டுமானாலும் மாட்டிவிட முடியாது. நம் கண்காட்சிகள் பெரும்பாலும் திருமண மண்டபங்களில்தான் நடக்கின்றன. மணமேடைக்காக வைத்த விளக்கு கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும். ஓவியத்தைப் பார்க்க வந்தவர் தம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போவார். சில ஆண்டுகளுக்கு முன்பு புதிதாக வெள்ளையடித்த ஒரு கூடத்தில் மாட்டிய என் படங்கள் இரண்டு, சுவரின் ஈரத்தை வாங்கி, மூன்றாம் நாள் அப்பளம் போல் நெளிந்துவிட்டன. இதைவிட வருத்தமான கதை ஒன்று உண்டு. ஓர் அலுவலகத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்த செம்பருத்திப் படத்தை அவர்கள் மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார்கள். எட்டு ஆண்டுகள் கழித்துப் போனபோது இலைகள் இருந்தன, பூவைக் காணவில்லை. நான் பயன்படுத்திய அலிசரின் சிவப்பு வெயிலில் வெளுக்கக்கூடியது என்பது தெரிந்தே பூசியவன் நான்தான், ஆகவே பாதிப் பழி என்னுடையது. தாளில் எழுதிய ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும் என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் நெறி. நம் அலுவலகங்களின் குழல்விளக்கு வெளிச்சம் அதைப் போலப் பல மடங்கு.

இசைக்கு நெல்லையில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது, நல்லது. ஓவியம் பயில விரும்பும் பிள்ளை சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போக வேண்டியிருக்கிறது. இங்கே கல்லூரி வேண்டும் என்று கேட்க வேண்டிய இடம் வேறு. அதற்கு ஆகும் காலமும் வேறு. நான் கேட்பது ஓர் அறை. புதுக் கட்டடம் வேண்டாம். மாநகரில் பயன்பாடின்றிப் பூட்டிக் கிடக்கும் பொதுக் கட்டடங்களில் ஒன்றில், ஈரமில்லாத சுவரும் நேர்வெயில் விழாத ஜன்னலும் உள்ள ஓர் அறையை மாவட்ட நிர்வாகம் ஒதுக்கினால் போதும். இரண்டு நாளில் கழற்றிச் சுருட்டும் கண்காட்சியாக இல்லாமல், ஆண்டு முழுவதும் திறந்திருந்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை படங்கள் மாற வேண்டும். கார் நடவின்போது வயல்களையும், பிசான அறுவடையின்போது களத்துமேட்டையும், பறவைகள் வரும் காலத்தில் கூந்தன்குளத்தையும் பார்த்து எழுதியவற்றைக் கேட்டு வாங்கி வைத்தால், குற்றாலத்தின் பத்தாவது படம் தானாகக் குறையும். பாளையங்கோட்டையில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் சுவர் ஒன்றை ஓவியத்துக்குக் கொடுக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் வந்தால், முடிந்த படங்களின் பக்கத்தில் கெட்டுப்போன படங்களையும் மாட்டிக் காட்ட வேண்டும். என்னிடம் அத்தகையவை நிறைய உண்டு.

படங்களைச் சட்டமிடும் செலவை ஓவியர்களே ஏற்றுக்கொள்வார்கள். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு, காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அங்கே முறை வைத்து உட்கார்ந்திருக்க என்னைப் போல ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்கள் நான்கு பேர் சம்மதித்திருக்கிறோம். எங்களுக்கு ஊதியம் வேண்டாம். ஒரு மின்விசிறி இருந்தால் நல்லது, அதுவும் படங்களின் பக்கம் திரும்பாததாக.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை.