கோரஸ் பாடியவர்களின் பெயர்களையும் சேர்த்துவிடுங்கள்: இசைப் பதிவு நிறுவனங்களுக்கும் இணைய இசைச் சேவைகளுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

கடந்த ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசையில் புகழ்பெற்ற பாடகர் லூதர் வாண்ட்ராஸின் பிறந்தநாளையொட்டி, உங்களில் ஒரு நிறுவனம் அவருடைய பாடல்களைத் தொகுத்து வெளியிட்டு, அவருடைய இசைப் பயணம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாக அறிவித்திருந்தது. அந்தத் தொகுப்பு 1981இல் வெளிவந்த 'நெவர் டூ மச்' பாடலில் தொடங்குகிறது. அதற்கு முந்திய பாடல் ஒன்றுகூட அதில் இல்லை. 1951இல் பிறந்த ஒரு கலைஞர், முப்பதாவது வயதில்தான் முதன்முதலாக ஒலிவாங்கியின் முன் வந்து நின்றார் என்றுதான் புதிதாகக் கேட்பவர் எவரும் எண்ணிக்கொள்வார். எழுபதுகளில் நியூயார்க்கில் பதிவான இசையை ஓரளவு அறிந்த எவருக்கும் இது எவ்வளவு பெரிய பிழை என்பது தெரியும். உங்களுக்கும் தெரியாமல் இருக்க வழியில்லை. ஆயினும் இந்தப் பிழை ஆண்டுதோறும் தொடர்வதால்தான் இந்த மடலை எழுத வேண்டியதாயிற்று.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பாடலோடும், அதில் கோரஸ் பாடியவர்களின் பெயர்களைச் சேர்த்து வெளியிடுங்கள். அந்தப் பெயர்களைத் தேடினால் அந்தப் பாடல் கிடைக்கும்படி செய்யுங்கள்.

1974 ஆகஸ்டில், பிலடெல்ஃபியாவின் சிக்மா சவுண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி தன் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது, கிதார் வாசித்த கார்லோஸ் அலோமாரின் நண்பராக, வெறும் பார்வையாளராகவே வாண்ட்ராஸ் அங்கே போயிருந்தார். பதிவான 'யங் அமெரிக்கன்ஸ்' பாடலைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அருகில் இருந்த பாடகி ராபின் கிளார்க்கிடம், இந்த இடத்தில் குரல்கள் இப்படி வந்தால் எப்படி இருக்கும் என்று தாழ்ந்த குரலில் பாடிக் காட்டியிருக்கிறார். அது போவியின் காதில் விழுந்தது, பிடித்துப்போயிற்று, பாடலுக்குள் சேர்ந்தது. இன்று அந்தப் பாடல் என்றதும் உலகம் முழுவதும் கேட்பவர்களின் வாயில் முதலில் வருவது போவி தனித்துப் பாடும் வரிகள் அல்ல. அவற்றுக்கு விடைசொல்வதுபோல் எழும்பும் அந்தக் குரல் கூட்டம்தான். அன்று வேடிக்கை பார்க்க வந்த இருபத்து மூன்று வயது இளைஞர் அந்த ஆல்பத்தின் கோரஸ் குரல்களை அமைப்பவரானார். அவர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு பாடல், போவியின் கைபட்டு 'ஃபாசினேஷன்' என்ற பெயரில் அதே ஆல்பத்தில் இடம்பெற்றது. பாடலாசிரியர்களில் ஒருவராக அவர் பெயரும் அதில் உண்டு.

நான் பயன்படுத்தும் இசைச் சேவையில் 'யங் அமெரிக்கன்ஸ்' பாடலைத் திறந்து, உருவாக்கியவர்களின் விவரம் என்ற பகுதியைத் தொட்டேன். பாடியவர் என்ற இடத்தில் ஒரு பெயர். எழுதியவர் என்ற இடத்தில் அதே பெயர். தயாரித்தவர்கள் என்ற இடத்தில் இன்னும் சிலர். அவ்வளவுதான். லூதர் வாண்ட்ராஸ் இல்லை, ராபின் கிளார்க் இல்லை, ஏவா செர்ரி இல்லை. 1975இல் இசைத்தட்டு வெளியானபோது அதன் அட்டையில் இந்த மூவரின் பெயர்களும் அச்சாகியிருந்தன என்பதை நீங்கள் அருள்கூர்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு சதுர அடி அட்டையில் இடம் கிடைத்த பெயர்களுக்கு, எல்லையில்லாத இடம் கொண்ட உங்கள் கணினிகளில் இடமில்லாமல் போனது எப்படி? பெயர் தெரியாமல் விடுபட்டது என்றால் பொறுத்துக்கொள்ளலாம். தெரிந்திருந்த பெயர், அச்சில் வந்த பெயர், வடிவம் மாறும்போது உதிர்க்கப்பட்டிருக்கிறது.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்குத் தெரிந்த ஓர் இளம்பெண் மேற்கத்திய இசை பயில்கிறார். கோரஸ் பாடுவதையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது அவருடைய ஆசை. வாண்ட்ராஸ் மற்றவர்களுக்குப் பின்னால் நின்று பாடிய பாடல்களை மட்டும் வரிசையாகக் கேட்டு, அவர் குரலைக் கலந்த விதத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் விரும்பினார். உங்கள் சேவையில் பெயரைத் தேடினால், 1981க்குப் பிந்திய புகழ்பெற்ற பாடல்களே திரும்பத் திரும்ப வந்து நின்றன. கடைசியில், பழைய இசைத்தட்டுகளின் அட்டைகளைப் படம் எடுத்து வைத்திருக்கும் சேகரிப்பாளர்களைத் தேடிப் பிடித்து, மங்கிய பொடி எழுத்துகளைத் திரையில் பெரிதாக்கி, ஒவ்வொரு பெயராகக் குறித்துக்கொண்டு, பிறகு அந்தப் பாடல்களை மீண்டும் உங்கள் சேவையில் தேடிக் கேட்டார். மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் ஒருவர், தான் கேட்கும் குரல் யாருடையது என்பதைத் தெரிந்துகொள்ள உங்களைத் தவிர மற்ற எல்லாரிடமும் போய் நிற்க வேண்டியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தனித்துப் பாட வராதவர்களே கோரஸ் பாடப் போகிறார்கள் என்று எண்ணுபவர்கள் உங்கள் அலுவலகங்களில் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி மூவரோ நால்வரோ நிற்கும்போது, உரத்த குரல்காரர் அரை அடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்' ஒலியை எல்லாரும் சேர்ந்து உச்சரித்தால் அது சீறலாகப் பதிவாகிவிடும் என்பதால், ஒருவர் மட்டும் அதை முடிக்க, மற்றவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். பாடிய வரியையே அதன்மேல் மறுபடி பாடிப் பதிக்கும்போது, மூச்சு எடுத்த இடம்கூட மாறக் கூடாது. தன் குரல் தனித்துத் தெரியாதபடி பாடுவதற்கு, தன் குரலை முழுமையாக ஆளத் தெரிந்திருக்க வேண்டும். பின்னாளில் வாண்ட்ராஸின் பாடல்களில் ஒரு சொல்லை நிறுத்தி, தளர்த்தி, மெல்ல இறக்கிவைக்கும் அந்த அழகைக் கண்டு வியந்தவர்கள், அது இந்த ஆண்டுகளின் உழைப்பில் விளைந்தது என்பதை அறிய வேண்டாமா?

அந்த ஆண்டுகள் சும்மா கழிந்தவையும் அல்ல. 1976இலும் 1977இலும் 'லூதர்' என்ற குழுவின் பெயரில் அவர் வெளியிட்ட இரண்டு ஆல்பங்கள் விற்பனையாகாமல் போக, அவருடைய வாழ்க்கை முழுவதுமாக ஒலிப்பதிவுக்கூடங்களுக்குள் நகர்ந்தது. நைல் ராட்ஜர்ஸும் பெர்னார்ட் எட்வர்ட்ஸும் நடத்திய 'ஷீக்' என்ற டிஸ்கோ இசைக் குழுவின் பாடல்களில் ஆல்ஃபா ஆண்டர்சன், டீவா கிரே, டேவிட் லாஸ்லி ஆகியோரோடு சேர்ந்து ஒலிக்கும் குரல்களில் ஒன்று அவருடையது. அதே தயாரிப்பாளர்கள் 'சிஸ்டர் ஸ்லெட்ஜ்' சகோதரிகளுக்காக 1979இல் உருவாக்கிய 'வி ஆர் ஃபேமிலி' ஆல்பத்திலும் அவர் பாடியிருக்கிறார். இவற்றுக்கு இடையே பகல் நேரங்களில் விளம்பரப் பாடல்கள்: பர்கர் விற்கும் நிறுவனத்துக்கு, வறுத்த கோழி விற்கும் நிறுவனத்துக்கு, அமெரிக்க ராணுவத்தின் ஆள்சேர்ப்புக்கு என்று எத்தனையோ. தொழிற்சங்க ஒப்பந்தத்தின்படி விளம்பரம் ஒலிபரப்பாகும் காலம்வரை பாடியவருக்குப் பணம் வந்துகொண்டிருக்கும். அப்படி ஈட்டிய சொந்தப் பணத்தைப் போட்டுத்தான் தன் முதல் தனிப் பாடல்களின் மாதிரிப் பதிவுகளை அவர் உருவாக்கி, நிறுவனம் நிறுவனமாகக் கொண்டுபோனார். அப்போது வேண்டாம் என்று சொன்னவர்களில் உங்கள் முன்னோடிகளும் உண்டு. ஆக, உங்கள் தொகுப்பின் முதல் பாடலுக்குச் செலவழித்த பணமே, அந்தத் தொகுப்பில் நீங்கள் சேர்க்காமல் விட்ட ஆண்டுகளிலிருந்து வந்ததுதான்.

'சேஞ்ச்' விவகாரம் இன்னும் வருத்தம் தருவது. இத்தாலியத் தயாரிப்பாளர்கள் 1980இல் அந்தப் பெயரில் வெளியிட்ட ஆல்பத்தில், 'த க்ளோ ஆஃப் லவ்', 'சர்ச்சிங்' ஆகிய இரண்டு பாடல்களையும் முன்னின்று பாடியவர் வாண்ட்ராஸ். இது கோரஸ்கூட அல்ல, முழுப் பாடலும் அவர் குரல்தான். இருந்தும் நான் பார்த்த சேவையில் பாடியவர் பெயர் 'சேஞ்ச்' என்று மட்டுமே இருக்கிறது. முன்னின்று பாடிய குரலுக்கே இந்த நிலை என்றால், பின்னால் நின்றவர்களைப் பற்றி என்ன சொல்வது?

வாண்ட்ராஸுக்காவது பிற்பாடு புகழ் வந்து சேர்ந்தது. 1962 நவம்பரில் அமெரிக்காவின் முதலிடப் பாடலாக இருந்த 'ஹீ இஸ் எ ரெபல்' பாடலை லாஸ் ஏஞ்சலஸில் பாடியவர் டார்லின் லவ். இசைத்தட்டில் அச்சான பெயரோ, அந்தப் பதிவின்போது அந்த ஊரிலேயே இல்லாத 'கிறிஸ்டல்ஸ்' குழுவினுடையது. எண்பதுகளின் தொடக்கத்தில் பிறர் வீடுகளைத் துப்புரவு செய்து பிழைத்துக்கொண்டிருந்தபோது, தான் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டை வானொலியில் கேட்டுத்தான் மீண்டும் பாடக் கிளம்பினார் அவர். 1969இல், நிறைசூலியாக இருந்த நிலையில், நள்ளிரவில் அழைக்கப்பட்டு வந்து 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவின் 'கிம்மி ஷெல்ட்டர்' பாடலில் குரல் உடையும் அளவுக்குப் பாடிக் கொடுத்த மெர்ரி கிளேட்டனின் பெயர், அந்த ஆல்பத்தின் முதல் வெளியீட்டில் மேரி என்று தவறாக அச்சானது. பெயரைச் சரியாக எழுதக்கூட யாருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை. இவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்கள், பலர் பெண்கள் என்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை.

பெயர் என்பது மரியாதை மட்டும் அல்ல, வருமானமும் கூட. அமெரிக்கச் சட்டப்படி, இணைய வானொலியிலும் செயற்கைக்கோள் வானொலியிலும் பாடல் ஒலிக்கும்போது வரும் கட்டணத்தில் 50 விழுக்காடு பதிவின் உரிமையாளருக்கும், 45 விழுக்காடு முதன்மைக் கலைஞருக்கும் போக, துணை இசைக்கலைஞர்களுக்கு 2.5 விழுக்காடும் துணைப் பாடகர்களுக்கு 2.5 விழுக்காடும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. இதைப் பகிர்ந்தளிக்கத் தொழிற்சங்கங்கள் சேர்ந்து நடத்தும் தனி நிதியமே இருக்கிறது. ஆனால் எந்தப் பாடலில் யார் பாடினார் என்ற குறிப்பு இல்லாவிட்டால், அந்தப் பணம் உரியவரைத் தேடி எந்த வீட்டுக்குப் போகும்? கோரஸ் பாடகர்களின் பெயர்களை நீங்கள் ஒழுங்காகச் சேர்த்தால், வயது முதிர்ந்த நிலையில் இருக்கும் எத்தனையோ பாடகர்களுக்கு, சட்டம் அவர்களுக்கென்று ஏற்கெனவே எடுத்துவைத்த தொகை போய்ச் சேர வழி பிறக்கும்.

தொழில்நுட்பம் இல்லை என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்துகளும் எண்களும் கொண்ட அடையாளக் குறியீடு இருக்கிறது. பதிவு நிறுவனங்களும் இசைச் சேவைகளும் தகவல் பரிமாறிக்கொள்ளப் பொதுவான தர வரையறை இருக்கிறது. அதில் துணைக்குரல் பாடகர் என்ற பொறுப்பைக் குறிக்கவும் இடம் இருக்கிறது. நான் எந்தப் பாடலை எந்த நொடியில் நிறுத்தினேன், எந்த மழைநாளில் எதைத் திரும்பக் கேட்டேன் என்பதையெல்லாம் தவறாமல் குறித்துவைத்து, ஆண்டு இறுதியில் வண்ணப் படங்களாக எனக்கே திருப்பி அனுப்புகிறீர்கள். கேட்பவனைப் பற்றி இவ்வளவு அக்கறையாகச் சேகரிக்கும் உங்களால், பாடியவரின் பெயரை ஒரு வரியில் எழுதிவைக்க முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். பதிவு நிறுவனங்கள் கொடுத்தால்தான் போட முடியும் என்று சேவைகளும், சேவைகள் கேட்டால்தான் கொடுக்க முடியும் என்று பதிவு நிறுவனங்களும் சொல்லிக்கொண்டிருந்தால், இடையில் நிற்பவர்கள் பாடகர்கள்தான். அதனால்தான் உங்கள் இரு தரப்பினருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

என் சொற்களில் கடுமை கூடியிருந்தால் பொறுத்தருளுங்கள். இதற்கு நல்ல முன்மாதிரி வேறெங்கும் தேட வேண்டியதில்லை, வாண்ட்ராஸிடமே இருக்கிறது. தனக்கென்று ஒரு பெயர் வந்த பிறகு, தன் ஆல்பங்களில் கோரஸ் பாட அவர் அழைத்தவர்கள் சிஸ்ஸி ஹூஸ்டன், டவாதா அகீ, இளமைக்கால நண்பர் ஃபான்ஸி தோர்ன்டன் போன்றவர்கள்; பிற்பாடு லிசா ஃபிஷர். அவர்களுடைய பெயர்களைத் தன் இசைத்தட்டு அட்டைகளில் அச்சிட்டார், மேடையிலும் அவர்களுக்கு உரிய இடம் கொடுத்தார். அந்த அட்டைகள் உங்கள் கிடங்குகளில்தான் இருக்கின்றன.

ஆகவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: ஒவ்வொரு பாடலோடும் கோரஸ் பாடியவர்களின் பெயர்களைச் சேர்த்து வெளியிடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லவில்லை. பழைய அட்டைகளில் ஏற்கெனவே அச்சான பெயர்களிலிருந்து தொடங்கலாம். அதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை, பார்த்து எழுத ஓர் ஆள் போதும். அட்டையில் பெயர் வராமல் போன பதிவுகளுக்குத் தொழிற்சங்கங்களில் தாக்கலான ஒலிப்பதிவு அமர்வு ஒப்பந்தங்களைக் கேட்டுப் பார்க்கலாம். விடுபட்ட பெயரைப் பாடகர்களோ அவர்கள் குடும்பத்தினரோ சான்றோடு தெரிவிக்க, மனிதர் ஒருவர் படித்து விடையளிக்கும் ஒரு முகவரியை அறிவிக்கலாம். அடுத்த ஏப்ரல் 20க்கு முன்பாக, குறைந்தது வாண்ட்ராஸ் 1974 முதல் 1980 வரை பாடிய பதிவுகளிலாவது அவர் பெயரையும் அவரோடு நின்று பாடியவர்களின் பெயர்களையும் சேர்த்துவிட்டு, அந்தப் பிறந்தநாள் தொகுப்பை 'யங் அமெரிக்கன்ஸ்' பாடலிலிருந்து தொடங்குமாறு வேண்டிக்கொள்கிறேன். இந்த மடலுக்கு எழுத்துமூலமான விடையையும் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சேவைக்குக் கட்டணம் செலுத்தும்
ஒரு சோல் இசை ரசிகன்