எட்டிப் பார்த்த ஒரு தாயின் கடிதம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு இலவசமாக நடத்தும் மழலையர் வகுப்புகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, தாம்பரம், பல்லாவரம் பகுதிப் பெற்றோர் அவற்றை எட்டிக்கூடப் பார்க்காமல் தனியார் பள்ளி வாசல்களில் காத்துக் கிடக்கிறார்கள் என்று சென்ற ஞாயிறு இதழின் கட்டுரையில் ஒரு வரி இருந்தது. பல ஆண்டுகளாகத் தங்கள் இதழை விடாமல் வாசித்து வரும் எனக்கு அந்த ஒரு வரி இன்னும் உறுத்துகிறது. ஏனென்றால், நான் எட்டிப் பார்த்தவள். மூன்று வயதாகும் என் இளைய மகளுக்காக வேலைக்கு இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருக்கும் மூன்று இடங்களுக்கு நடந்தே போய் வந்தேன். மூன்றுமே அரசுடையவை, தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவை.

முதலாவது, நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள் நடக்கும் எல்.கே.ஜி. வகுப்பு. சுவரில் குழந்தைகளின் உயரத்துக்குக் கரும்பலகை வண்ணம் பூசியிருந்தார்கள். ஒரு சிறுமி ‘ப’ எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஆசிரியை மண்டியிட்டு அவள் கையைப் பிடித்து மறுபடி ஒருமுறை எழுத வைத்தார். என் மகள் இங்கேதான் படிக்க வேண்டும் என்று அப்போதே மனத்தில் முடிவு செய்துவிட்டேன். ஆனால் இடம் நிரம்பிவிட்டது, பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

இரண்டாவது, சொந்தக் கட்டடத்தில் இயங்கும் அங்கன்வாடி. கட்டடத்தில் குறை ஒன்றும் இல்லை. பணியாளர் வாக்காளர் பட்டியல் வேலைக்குப் போயிருந்தார். உதவியாளர் அம்மா ஒருவரே அடுப்பையும் பார்த்துக்கொண்டு, வாசல்படி தாண்டி ஓடும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது, வாடகைக்கு எடுத்த ஒற்றை அறை. அரிசி மூட்டைக்கும் எடை பார்க்கும் கருவிக்கும் நடுவில் பாய் விரித்துக் குழந்தைகள் படுத்திருந்தார்கள். கழிப்பறை எங்கே என்று கேட்டேன். வீட்டுக்காரர் பகுதியைத்தான் காட்டினார்கள். அங்கிருந்த டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “காலையில எடை போடணும்மா, கர்ப்பிணிங்களுக்குச் சத்துமாவு கொடுக்கணும், அத்தனையும் போன்ல ஏத்தணும். பாட்டுச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தா மீட்டிங்குனு கூப்பிடுவாங்க” என்றார். அப்படிச் சொல்லும்போதே ஒரு குழந்தைக்கு முட்டையை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அங்கன்வாடிகளை நடத்தும், 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு புதுச் சுமையும் அந்த ஒரே பெண்ணின் தலையில்தான் இறங்கியிருக்கிறது.

தாங்கள் அறியாததல்ல. தமிழகத்தில் அங்கன்வாடிகள் 54,000-க்கும் மேல். 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதோ நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் மட்டும். ஏறத்தாழ 23-க்கு ஒன்று. அந்த ஒன்றின் அருகில் வீடு அமைந்தவர்களுக்கு அதிர்ஷ்டம். மற்றவர்கள் தனியார் மோகம் பிடித்தவர்கள் என்று எழுதுவது நியாயமா?

அந்த அதிர்ஷ்டம் வாய்த்தவர்கள் பட்ட பாட்டையும் நான் அறிவேன். என் மூத்த மகள் அப்படி ஒரு வகுப்பில்தான் எல்.கே.ஜி. படித்தாள். அவள் யு.கே.ஜி. போக வேண்டிய 2022 ஜூன் மாதத்தில், இடைநிலை ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, மழலையர் வகுப்புகள் இனி இல்லை, குழந்தைகள் அங்கன்வாடிக்குப் போகட்டும் என்றார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாள்களிலேயே வகுப்புகள் தொடரும் என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்த வேகத்தில் ஆசிரியர் வரவில்லை. மதிப்பூதியத்தில் சிறப்பாசிரியர் ஒருவர் வந்து சேரும்வரை, பக்கத்து வகுப்பு ஆசிரியை இரண்டு அறைகளுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்ததை வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். அந்தச் சில நாள்களுக்குள் பயந்துபோய், எங்கள் தெருவில் இருவர் கடன் வாங்கித் தனியார் பள்ளியில் பணம் கட்டிவிட்டார்கள். அவர்களைத் தங்கள் கட்டுரை எந்தக் கணக்கில் சேர்க்கிறது என்று அறிய விரும்புகிறேன்.

தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குக் கட்டணமின்றி ஒதுக்கப்படும், கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்கள் இருக்கின்றனவே என்று சிலர் சொல்வார்கள். பக்கத்து வீட்டுப் பெண் 2025-இல் தன் மகனுக்காகச் சான்றிதழ்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மத்திய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் சேர்க்கை நின்றுபோய், பள்ளிகள் திறந்து மாதக் கணக்கில் ஆன பிறகே தொடங்கியது. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு அவர் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டியாகிவிட்டது.

இவை எல்லாவற்றையும்விட என்னைச் சோர்வடையச் செய்தது வேறொன்று. மூன்று இடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு உதவும் ஆள் ஒருவர்கூட இல்லை. எல்.கே.ஜி. வகுப்பு பள்ளிக் கல்வித் துறைக்கு உரியது. அங்கன்வாடியோ சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறைக்கு உரியது. ஒரு துறை அலுவலகத்தில் மற்றதைப் பற்றிக் கேட்டால், அது எங்களுடையது இல்லை என்ற பதில்தான் வருகிறது. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது, இனிப் பம்மலுக்கும் மாடம்பாக்கத்துக்கும் ஒரே தரத்தில் வசதி வரும் என்று நம்பியவர்களில் நானும் ஒருத்தி. வரி ஒரே மாநகராட்சிக்குத்தான் கட்டுகிறோம். பால்வாடி மட்டும் தெருவுக்குத் தெரு வேறாக இருக்கிறது.

தங்களிடம் நான் கேட்பது பெரிய உதவி அல்ல. தாம்பரம் மாநகராட்சிக்குள் எந்தெந்த அரசுப் பள்ளிகளில் எல்.கே.ஜி. உண்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை இடம், எந்த அங்கன்வாடி சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது, எதில் குழந்தைகளுக்கான கழிப்பறை இருக்கிறது என்ற விவரத்தை இரு துறைகளிடமும் கேட்டுப் பெற்று, சேர்க்கை தொடங்கும் முன் உள்ளூர்ப் பக்கத்தில் ஒரு பட்டியலாக வெளியிடுங்கள். என் மகளின் பெயர் இன்னும் காத்திருப்போர் பட்டியலில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குரோம்பேட்டை