சேதுவுக்கு, மெயில் பிரிப்பது பற்றி

அன்புள்ள சேது,

உன் கடிதம் போன வாரமே வந்தது, பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. இங்கே கோவையில் பத்து நாளாக விட்டு விட்டு மழை. பேத்திக்குக் காய்ச்சல், அவளிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து வீட்டில் மற்றவர்களுக்கு என்று ஒரு சுற்றுச் சுற்றி இப்போதுதான் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். என் முழங்கால் பரவாயில்லை. உனக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று படித்ததும் சந்தோஷம், அந்தச் சாயங்கால நடையை மட்டும் விட்டுவிடாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாளைக்கு 140 மெயில் வருகிறது, திறக்கவே மனசு வரவில்லை, எல்லா மெயில் குழுவிலிருந்தும் விலகிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து விலகாதே. போன மாதம் கல்வெட்டுக் குழுவிலிருந்து நீ எனக்கு அனுப்பிவைத்த அந்த விவாதம், ஒரே ஒரு எழுத்தை எப்படி வாசிப்பது என்று ஆறு பேர் நான்கு நாள் பொறுமையாகப் பேசிக்கொண்டது, அதெல்லாம் வாட்ஸாப்பில் நடக்குமா சொல். உன் இன்பாக்ஸில் குழு மெயிலும் சொந்த மெயிலும் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கின்றன, அதுதான் கோளாறு. அதைப் பிரித்துவிட்டால் 140 என்பது ஒன்றுமே இல்லை.

பென்ஷனர் சங்க மெயிலைப் பிரிக்க, சப்ஜெக்டில் 'பென்ஷன்' என்ற சொல் இருந்தால் தனி லேபிளில் போடு என்று ஃபில்டர் வைத்தேன், பாதி வருகிறது பாதி வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் சிக்கல்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, 1984-ல் நான் திருச்சி வந்தபோது ஒரு ராத்திரி நீ வேலை பார்த்த ஆர்.எம்.எஸ். ஆபீசுக்கு, அதாவது ரயில் தபால் பிரிக்கும் ஆபீசுக்கு, கூட்டிப்போனாய். ஆளுயரத்துக்கு வரிசையாகப் பிரிப்புப் பெட்டிகள், முன்னால் ஸ்டூலில் நீ, இடது கையில் ஒரு கட்டுக் கடிதம். கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வலது கை தானாகப் போய்ப் பெட்டியில் செருகிக்கொண்டே இருந்தது. பேரைப் படிக்கிறாயா ஊரைப் படிக்கிறாயா என்று கேட்டேன். "ரெண்டும் இல்ல, கீழே இருக்கிற ஆறு எண்ணு, அதிலும் முதல் மூணு" என்றாய். புதூர் என்று மட்டும் எழுதிப் போட்டால் எத்தனை புதூர் இருக்கிறது, ஒருவர் தமிழில் எழுதுவார் ஒருவர் இந்தியில் எழுதுவார், கையெழுத்து வேறு, அதற்காகத்தானே 1972-ல் பின்கோடே வந்தது என்று எனக்குப் பாடம் எடுத்தாய். அதே பாடத்தைத்தான் இப்போது நான் உனக்குத் திருப்பிச் சொல்கிறேன். சப்ஜெக்ட் என்பது ஆள் கையால் எழுதும் ஊர்ப்பெயர். குழு மெயிலுக்கென்று ஒரு பின்கோடு இருக்கிறது. அது வெளியே தெரியாது, மெயிலோடு மறைவாக வரும் ஹெட்டர் வரிகளில் இருக்கிறது, லிஸ்ட்-ஐடி என்று பெயர்.

பென்ஷனர் சங்க மெயில் ஒன்றைக் கம்ப்யூட்டரில், ஜிமெயிலில் திற. வலது ஓரத்தில் மூன்று புள்ளி இருக்கும், அதை அமுக்கினால் 'ஷோ ஒரிஜினல்' என்று வரும். திறந்தால் ஒரு பக்கம் நிறைய கசகசவென்று ஏதேதோ வரும், பயப்படாதே. ஒரு உறை எந்தெந்த ஆபீஸ் வழியாக வந்ததோ அத்தனை முத்திரையும் பின்பக்கம் குத்தியிருக்குமே, அப்படித்தான் 'ரிசீவ்ட்' என்று தொடங்கும் வரிகள், கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அதற்கிடையில் லிஸ்ட்-ஐடி என்று ஒரு வரி, பக்கத்தில் கோண அடைப்புக்குள் குழுவின் பெயர், ஒரு புள்ளி, அப்புறம் கூகுள்குரூப்ஸ் டாட் காம் என்று இருக்கும். இதை யாரும் தட்டச்சு செய்வதில்லை, குழுவை நடத்தும் மென்பொருளே ஒவ்வொரு மெயிலிலும் குத்தி அனுப்புகிறது. 2001 மார்ச்சில் இதற்கு ஒரு பொது விதி எழுதி வைத்தார்கள். குழு வேறு சர்வருக்கு மாறினாலும் இந்த அடையாளம் மாறக் கூடாது என்பது அந்த விதியின் நோக்கம், ஆபீஸ் கட்டடம் மாறினாலும் பின்கோடு மாறாத மாதிரி. அதற்கும் முன்பே 1998-ல் விலகுவதற்கு, உதவிக்கு, பழைய மடல்களைப் பார்ப்பதற்கு என்று ஆறு ஹெட்டர் வரிகள் வந்துவிட்டன. இன்றைக்கு ஜிமெயிலில் அனுப்பியவர் பெயர் பக்கத்தில் 'அன்சப்ஸ்கிரைப்' என்று தெரிகிறதே, அது அங்கிருந்து வருவதுதான்.

சப்ஜெக்டை வைத்துப் பிரிப்பது எந்த மொழியிலும் அரைகுறைதான், ஆனால் தமிழில் அது ரொம்பவே மோசம். நான் இதில் வருஷக்கணக்காக அடிபட்டிருக்கிறேன். நம் சொற்கள் வேற்றுமை ஏறினால் உருவம் மாறிவிடும். கூட்டம் என்று ஃபில்டர் வைத்தால் கூட்டத்தில், கூட்டத்துக்கு, கூட்டங்கள் எதுவுமே மாட்டாது, ஜிமெயில் முழுச் சொல்லைத்தான் தேடும். நீ பென்ஷன் என்று வைத்தாய், அவர்கள் பென்ஷனர் என்று எழுதியிருப்பார்கள், செயலாளர் ஓய்வூதியம் என்று எழுதியிருப்பார். இன்னொரு விஷயம் சொன்னால் ஆச்சரியப்படுவாய். ஔவை என்று எழுத ஔ என்று ஒரே எழுத்து இருக்கிறது, ஆனால் பாதிப் பேர் ஒ போட்டுப் பக்கத்தில் ள போட்டு ஒளவை என்று அடிக்கிறார்கள். நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, மெஷினுக்கு இரண்டும் வேறு வேறு சொல்.

கல்லூரி மெயில் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் புரோக்மெயில் என்று ஒரு பழைய நிரலில்தான் பிரித்துக்கொண்டிருந்தோம். ஆசையாக 'தமிழ்' என்ற சொல் வந்தால் தனி ஃபோல்டர் என்று விதி எழுதினேன், ஒரு மாதமாகியும் ஒரு மெயில் கூட விழவில்லை. திறந்து பார்த்தால் சப்ஜெக்ட் வரியில் தமிழே இல்லை! மெயில் ஹெட்டர் ஆங்கில எழுத்துக்கு மட்டும் கட்டப்பட்ட சாலை, அதனால் தமிழை மூட்டை கட்டித்தான் அனுப்புவார்கள். மெயிலில் போகும் யூனிகோடு வடிவமான யூடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட், மூட்டை கட்டினால் 4 எழுத்து. த என்ற எழுத்து 4கே6கே என்று ஆகிவிடும், வேறு எந்தத் தமிழ்க் குறியை எடுத்தாலும் 4கே6 என்றோ 4கே+ என்றோதான் தொடங்கும், பார்த்துப் பார்த்து எனக்கு அதுவே மனப்பாடம். ஒரு மூட்டைக்கு மொத்தம் 75 எழுத்துதான் உச்சவரம்பு, அதில் கட்டும் கயிற்றுக்கே 12 போய்விடும், கணக்குப் போட்டால் 15 குறிக்கு மேல் பிடிக்காது. தமிழ் என்ற சொல்லுக்கே மெய்ப்புள்ளியும் கொக்கியும் சேர்த்து 5 குறி. ஆகவே தலைப்பு கொஞ்சம் நீளமானால் ஒரு சொல் பாதி இந்த மூட்டையிலும் பாதி அடுத்த மூட்டையிலும் போய்விடும். ஜிமெயில் மாதிரி இடங்களில் மூட்டையைப் பிரித்துவிட்டுத் தேடுகிறார்கள், அதனால் உனக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஹெட்டரை அப்படியே படிக்கும் நிரல்களுக்கு நம் தலைப்பு வெறும் கசகசப்புதான். லிஸ்ட்-ஐடியின் அடையாளமோ எப்போதும் சாதாரண ஆங்கில எழுத்தில், மூட்டை இல்லாமல் இருக்கும்.

உன் விதைக் குழு மாதிரி சில குழுக்களில் தலைப்புக்கு முன்னால் சதுர அடைப்பில் [விதை] என்கிற மாதிரி ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள், அதை வைத்துப் பிரிக்கலாமே என்று நீ கேட்பாய். கண்ணுக்கு நல்லது, ஃபில்டருக்குப் போதாது. ஜிமெயில் தேடலில் அந்தச் சதுர அடைப்பு கணக்கிலேயே வராது, விதை என்ற சொல் எந்தத் தலைப்பில் வந்தாலும் பிடித்துக்கொள்ளும். உன் தம்பி 'விதை நெல் வாங்கியாச்சு' என்று எழுதினாலும் அது குழுவோடு போய்ச் சேரும். அதோடு அந்தச் சீட்டையே பல குழுக்கள் கைவிட்டுவிட்டன. மெயில் அனுப்பும் நிறுவனங்கள் இப்போது தலைப்பு, உள்ளடக்கம் இரண்டையும் சேர்த்து ஒரு டிஜிட்டல் முத்திரை வைக்கின்றன. நடுவில் குழு மென்பொருள் தலைப்பில் ஒரு சொல்லைச் சேர்த்தாலோ அடியில் இரண்டு வரி ஒட்டினாலோ முத்திரை உடைந்துவிடும். 2014 ஏப்ரலில் யாகூ, தன் பெயரில் போலி மெயில் வருவதைத் தடுக்க, முத்திரை சரியில்லாத யாகூ மெயிலை ஏற்காதீர்கள் என்று எல்லாச் சர்வருக்கும் அறிவித்தது. போலிகளோடு சேர்ந்து உலகம் முழுக்கக் குழுக்களில் யாகூ முகவரிக்காரர்கள் எழுதியதெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. அதற்கு மாற்றாகத்தான் பல குழுக்கள் அனுப்புநர் இடத்தில் எழுதியவர் முகவரியை எடுத்துவிட்டு 'இன்னார், இந்தக் குழு வழியாக' என்று குழு முகவரியைப் போட ஆரம்பித்தன. ஆக அனுப்புநர் பெயரையும் நம்பிப் பிரிக்க முடியாது, ஒரே ஆள் இரண்டு விதமாக வருவார்.

இப்போது நான் உன்னிடம் இத்தனை நாள் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 2016-ல் நம் இயற்பியல் சார் இறந்த பிறகு தஞ்சாவூரில் நினைவுக் கூட்டம் நடந்ததே, ஏண்டா வரவில்லை என்று நீ போனில் கேட்டாய், உடம்பு சரியில்லை என்று சொன்னேன். பொய். எனக்குத் தெரியவே தெரியாது. அப்போது குடியிருப்புச் சங்கத்திலிருந்து கூட்டம் கூட்டம் என்று வாரத்துக்குப் பத்து மெயில் வரும், தலைப்பில் கூட்டம் என்று இருந்தால் இன்பாக்ஸுக்கே வராமல் லேபிளுக்குள் போகட்டும் என்று வைத்திருந்தேன். 'நினைவுக் கூட்டம், ஞாயிறு காலை 10 மணி' என்று வந்த மெயில் நேராக அங்கே போய்ப் படுத்துக்கொண்டது. எல்லோருக்கும் மெயில் போய்விட்டது என்று யாரும் தனியாகப் போன் செய்யவில்லை. 19 நாள் கழித்துத் தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியைத் தேடும்போது நடுவில் அந்த மெயில் படிக்கப்படாமல் தடித்த எழுத்தில் கிடந்தது. கல்லூரியில் எனக்கு ஒரு டெர்ம் ஃபீஸ் கட்டியவர் அவர். அன்று ராத்திரியே எல்லா ஃபில்டரையும் அழித்துவிட்டு லிஸ்ட்-ஐடியை வைத்து ஒவ்வொன்றாகப் புதிதாகப் போட்டேன்.

நீ செய்ய வேண்டியது சின்ன வேலைதான், போன் ஆப்பில் ஃபில்டர் போட முடியாது, கம்ப்யூட்டரில் உட்கார். குழு மெயில் ஒன்றைத் திறந்து அதே மூன்று புள்ளியில் 'ஃபில்டர் மெசேஜஸ் லைக் திஸ்' என்பதை அமுக்கு. அது குழு மெயில் என்று ஜிமெயிலே கண்டுபிடித்து, லிஸ்ட் என்ற சொல், ஒரு முக்காற்புள்ளி, பிறகு குழுவின் அடையாளம் என்று தானாக நிரப்பித் தரும், நீ ஒரு எழுத்தும் அடிக்க வேண்டாம். அடுத்த பக்கத்தில் 'அப்ளை தி லேபிள்' டிக் செய்து பெயர் கொடு. கல்வெட்டுக்கும் விதைக்கும் 'ஸ்கிப் தி இன்பாக்ஸ்' டிக் செய். பென்ஷனர் சங்கத்துக்கு அதை டிக் செய்யாதே, நவம்பரில் ஆயுள் சான்று நினைவூட்டல் அதில்தான் வரும், லேபிள் மட்டும் ஒட்டிக்கொண்டு கண்ணெதிரில் இருக்கட்டும். டெலீட் எதற்கும் வேண்டாம். ஏற்கெனவே வந்து கிடப்பவற்றுக்கும் சேர்த்துச் செய் என்று கடைசியில் ஒரு கட்டம் இருக்கும், அதையும் டிக் செய்தால் பழைய குவியல் ஒரு நிமிஷத்தில் பிரிந்துவிடும், நீயே பார். 'நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்' என்பதை மட்டும் யோசித்துச் செய், லிஸ்ட்-ஐடி என்பது வெறும் அடையாளம்தான், போலி மெயிலிலும் யாராவது அதை எழுதிவிட முடியும். உன் மகன் தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரல் வைத்திருக்கிறான் அல்லவா, அதிலும் ஃபில்டரில் 'கஸ்டமைஸ்' போய் லிஸ்ட்-ஐடி என்று ஒருமுறை சேர்த்துக்கொண்டால் போதும்.

ஒன்று மட்டும் கவனி. கல்வெட்டுக் குழுவில் யாராவது குழுவுக்கும் உனக்கும் சேர்த்தே பதில் போட்டால், உனக்கு நேராக வரும் பிரதியில் லிஸ்ட்-ஐடி இருக்காது. ஜிமெயில் இரண்டில் ஒன்றைத்தான் காட்டும். அதனால் சில மெயில் ஃபில்டரைத் தாண்டி இன்பாக்ஸில் நிற்கும். ஃபில்டர் கெட்டுவிட்டது என்று நினைக்காதே, உன்னைக் குறிப்பிட்டு உனக்கே எழுதியது அது, இன்பாக்ஸில் இருப்பதுதான் முறை. நான் வேண்டுமென்றே அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

விதைக் குழு இன்னும் அதிகம் என்று தோன்றினால் குழுவின் அமைப்பில் 'டைஜஸ்ட்' என்று மாற்றிவிடு, 25 மெயில் வரை ஒரே கட்டாக வரும். யாகூ குழுமங்களில் மரத்தடியும் ராயர் காபி கிளப்பும் நடந்த காலத்தில் நான் அப்படித்தான் படித்தேன், ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஒரு கட்டைத் திறந்தால் நாள் முழுக்க நடந்த சண்டையும் கவிதையும் வரிசையாக இருக்கும். 2020 டிசம்பரில் யாகூ அந்தக் குழுமங்களை மூடிவிட்டது. நான் டெலீட் செய்யாமல் லேபிளில் விட்டு வைத்திருந்தவை மட்டும் என்னிடம் இருக்கின்றன, சிலது யூனிகோடுக்கு முந்தைய திஸ்கி என்ற குறியேற்றத்தில், மாற்றிப் படிக்க வேண்டும். அடுத்த முறை நீ வரும்போது சேர்ந்து படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் செய்கிறேன். அதற்குள் ஒரே ஒரு குழுவுக்கு, பென்ஷனர் சங்கத்துக்கு, ஃபில்டர் போட்டு வை. அந்தப் பழைய பென்ஷன் ஃபில்டரை அழித்துவிடு, அதற்கு முன்னால் அந்த லேபிளைத் திறந்து உள்ளே யாருடைய சொந்த மெயிலாவது மாட்டிக் கிடக்கிறதா என்று கடைசி வரை இறங்கிப் பார்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
ரகு