பாவ்லோ பென்டோவை கொரியா நீக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயல்நாட்டுப் பயிற்சியாளர்களைப் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரை, போர்ச்சுகலின் கால்பந்துப் பயிற்சியாளர் பாவ்லோ பென்டோவைப் போன இடமெல்லாம் நீக்கப்பட்டவர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, அந்த இடங்களின் வரிசையில் தென்கொரியாவையும் சேர்த்திருந்தது. அது பிழை என்பதைச் சுட்டிக்காட்டவே இக்கடிதம்.

பென்டோ நீக்கப்பட்டதே இல்லை என்று நான் வாதிட வரவில்லை. 2016இல் பிரேசிலின் குருசெய்ரோ அணியில் அவர் இரண்டு மாதங்கள் அளவே நீடித்தார். கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸ், லீக் பட்டியலில் தான் முதலிடத்தில் இருந்தபோதே அவரை அனுப்பிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய அணியோ 2025 மார்ச்சில் வடகொரியாவை 2-1 என வென்ற மறுநாளே அவரை விடுவித்தது. வென்றதற்குப் பரிசாக வேலையை இழந்தவர் என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம்தான்.

ஆனால் கால அவகாசம் கிடைத்த இடங்களில் அவர் செய்தது வேறு. ஸ்போர்ட்டிங் லிஸ்பன் அணியின் இளையோர் பிரிவிலிருந்து 2005 அக்டோபரில் முதல் அணிக்கு உயர்த்தப்பட்ட அவர், போர்ச்சுகல் லீகில் தொடர்ந்து நான்கு பருவங்கள் போர்ட்டோ அணிக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்ததோடு, 2007, 2008 ஆகிய ஆண்டுகளில் போர்ச்சுகல் கோப்பையையும் வென்று தந்தார். பின்னாளில் தேசிய அணியின் கோல்காப்பாளரான ருய் பாட்ரிசியோவை 18 வயதில் களமிறக்கியவரும் அவரே. போர்ச்சுகல் தேசிய அணியை 2012 ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி வரை கொண்டுசென்றார். அங்கே ஸ்பெயினிடம் பெனால்டி ஷூட் அவுட்டில்தான் தோற்றார்கள். 2014 உலகக் கோப்பையில் முதல் சுற்றோடு திரும்பியதையும், அதன்பின் சொந்த மண்ணில் அல்பேனியாவிடம் தோற்றுப் பதவி இழந்ததையும் மறைக்க வேண்டியதில்லை.

ஆட்டக்காரராகவும் அவர் மின்னியவர் அல்லர். ஃபிகோவும் ருய் கோஸ்தாவும் கண்ணைப் பறித்த போர்ச்சுகல் அணியில், தற்காப்பு வரிசைக்கு முன்னால் நின்று, பந்தைப் பறித்து அருகில் இருப்பவரிடம் பத்திரமாகச் சேர்ப்பிக்கும் நடுக்கள வீரர். முன்கோபமும் உண்டு, 2000 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் பிரான்சுக்குக் கடைசி நேரத்தில் பெனால்டி தரப்பட்டபோது நடுவரோடு மோதிப் பல மாதத் தடைக்கு ஆளானார். 2002 உலகக் கோப்பையில், இன்சியான் நகரில், ஒன்பது பேராகக் குறைந்த போர்ச்சுகல் 0-1 எனத் தோற்று வெளியேறிய ஆட்டமே தேசியச் சீருடையில் அவருக்குக் கடைசி ஆட்டம். எதிரணி தென்கொரியா.

அதே தென்கொரியா 2018 ஆகஸ்டில் அவரைப் பயிற்சியாளராக அமர்த்தியது. கோல்காப்பாளரிடமிருந்தே குறும்பாஸ்களால் ஆட்டத்தைக் கட்டி எழுப்ப வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்தை அங்கே பலர் குறை கூறினார்கள். 2021இல் ஜப்பானிடம் 0-3 எனத் தோற்றபோது எதிர்ப்பு வலுத்தது. ஆனாலும் கொரியக் கால்பந்துச் சங்கம் அவசரப்படவில்லை. 2022 உலகக் கோப்பையில் கானாவுடன் 2-3 எனத் தோற்ற ஆட்டத்தில், கார்னர் கிக் எடுக்க விடாமல் நடுவர் இறுதி விசில் ஊதியதும், பென்டோ மைதானத்துக்குள் ஓடிச் சென்று சிவப்பு அட்டை வாங்கினார். பழைய கோபம் போகவில்லை போலும்.

அதனால் டிசம்பர் 2ஆம் தேதி தன் தாய்நாட்டுக்கு எதிரான ஆட்டத்தை அவர் பார்வையாளர் மாடத்திலிருந்தே காண நேர்ந்தது. நம் நேரப்படி இரவு எட்டரைக்குத் தொடங்கிய அந்த ஆட்டத்தை நானும் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஐந்தாம் நிமிடத்திலேயே பின்தங்கிய கொரியா, 90 நிமிடங்களுக்குப் பின் சேர்க்கப்பட்ட நேரத்தில் சன் ஹியூங்-மின் எதிரணி வீரர்களின் கால்களுக்கிடையே தள்ளிவிட்ட பந்தை ஹ்வாங் ஹீ-சான் கோலாக்க, 2-1 என வென்றது. ஆட்டம் முடிந்த பிறகும் வீரர்கள் கலையாமல் களத்தின் நடுவே வட்டமாகக் கூடி, ஒரு கைப்பேசியில் அதே பிரிவைச் சேர்ந்த உருகுவே - கானா ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் பார்த்து நின்றார்கள். உருகுவே இன்னும் ஒரு கோல் அடித்திருந்தால் எல்லாம் வீண். அடிக்கவில்லை, உருகுவேயைவிட அதிகக் கோல் அடித்த கணக்கில் கொரியா அடுத்த சுற்றுக்குச் சென்றது.

அங்கே பிரேசிலிடம் 1-4 எனத் தோற்றபின் பென்டோ விலகினார். ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று செப்டம்பரிலேயே முடிவெடுத்துவிட்டதாக அவரே அறிவித்தார். நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக இடைவிடாமல் அந்தப் பொறுப்பில் இருந்து, ஒப்பந்தக் காலத்தை முழுமையாக நிறைவு செய்தவரை நீக்கப்பட்டவர் என்று எழுதியதற்குத் தாங்கள் இப்பகுதியிலேயே ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்,
திருச்சி.