தங்கச்சிக்கும் நாலு வரி கொடுங்கள்

நாகத் தொடரை எழுதி இயக்கும் குழுவினருக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து உங்கள் தொடரைப் பார்க்கிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளும், காசிமேட்டில் லாஞ்ச்சுக்குப் போகிற ஆம்பளைகளும் எங்களோடு உட்கார்ந்துவிட்டார்கள்.

அக்காவின் நாகமணியைத் தங்கை திருடி எதிரி கையில் கொடுத்த அன்றைக்கு யாரும் பேசவில்லை. ஆயா பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டார். பிறகு ஒரே கேள்விதான் கேட்டார்: "ஊட்டி வளத்த அக்காவ எதுக்குடி இவ காட்டிக் குடுத்தா?"

எங்களிடம் பதில் இல்லை. அடுத்தடுத்த நாளில் நீங்களும் சொல்லவில்லை. தங்கை கண்ணை உருட்டிச் சிரித்தாள், இடி இடித்தது, அவ்வளவுதான்.

பெண் பாம்பாக மாறுவதை யாரும் குறை சொல்லவில்லை. திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்த ஊர்க்காரர் எங்கள் ஆயா. மயன் கட்டிய மண்டபமும் மாயம்தான். தரை தண்ணீராகத் தெரியும், தண்ணீர் தரையாகத் தெரியும். ஆனால் அங்கே வழுக்கி விழுந்த துரியோதனன் காதில் விழுந்த சிரிப்பு மாயமில்லை. அந்த அவமானம்தான் அவனைச் சூதாட்டம் வரைக்கும் கொண்டுபோனது. துகிலுரியும் ராத்திரியில் அவனைத் திட்டித் தீர்க்கிற சனத்துக்கும் அது தெரியும்.

என் அம்மா, கூடப்பிறந்த அண்ணனை நம்பி வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர். மாமாவுக்கு மகள் கல்யாணக் கடன் கழுத்தை நெரித்தது என்று பின்னால் தெரிந்தது. அம்மா மன்னிக்கவில்லை. ஆனாலும் மாமா செத்தபோது போய் மாரடித்து அழுதார். காரணம் தெரியாமல் இருந்திருந்தால் அந்த வாசலை மிதித்திருக்கவே மாட்டார். தங்கை காட்டிக் கொடுத்த காட்சி ஓடும்போது அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்; அதனால்தான் இந்த மடல்.

தங்கையாக நடிப்பவர் நன்றாக நடிக்கிறார். அவரிடம் கொடுத்துப் பாருங்கள். எந்த நாளில், எந்தச் சொல்லில் அக்கா அவளைக் காயப்படுத்தினாள்? சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மன் அவளை எரிக்கிற காட்சியை ஏற்கெனவே எடுத்து முடித்திருந்தாலும், அதற்கு முன்னால் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேச அவளுக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள்.